ஒரே முகட்டின் இரண்டு ஆறுகள்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கெல்லையில், அகத்தியமலைத் தொடரைச் சேர்ந்த செம்முஞ்சி மொட்டை என்ற முகடு ஏறத்தாழ 1,717 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் சரிவுகளில் பிறக்கும் ஓடைகள் இரண்டு ஆறுகளாகத் திரண்டு, மேற்கே கடலை நோக்கித் தனித்தனி வழியில் இறங்குகின்றன. 88 கிலோமீட்டர் ஓடி அஞ்சுதெங்கு காயலை அடைந்து முதலப்பொழியில் கடலோடு கலக்கும் வாமனபுரம் ஆறு ஒன்று. 68 கிலோமீட்டர் ஓடித் தலைநகரின் ஓரமாகச் சென்று திருவல்லத்தை அடுத்துக் கடலில் சேரும் கரமனை ஆறு மற்றொன்று. பொன்முடி மலையின் அடிவாரத்து ஊராகிய வித்துரா இவ்விரண்டிற்கும் இடையில் அமைந்திருக்கிறது. ஊருக்கு வடகிழக்கே, பொன்முடிச் சாலை கடக்கும் கல்லாறு வாமனபுரம் ஆற்றின் மேற்பகுதியாகும். தென்கிழக்கே, காட்டுக்குள் 1983-ல் கட்டிமுடிக்கப்பட்ட பேப்பாறை அணையில் தேங்குவது கரமனை ஆற்றின் நீர். இதே மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை தாமிரபரணியாகித் திருநெல்வேலிச் சீமைக்குப் போகிறது என்பதைச் சேர்த்துக் கொண்டால், ஒரே மேகத்தின் நீர் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பதை மலைமுகட்டின் ஒரு கோடு தீர்மானிப்பது விளங்கும்.

அந்தக் கோட்டிற்கு நீர்ப்பிரிகோடு என்று பெயர். அக்கோட்டினால் சூழப்பட்டு, தன்மீது விழும் மழை முழுவதையும் ஒரே வாயில் வழியாக வெளியேற்றும் நிலப்பரப்பே வடிநிலம் எனப்படுகிறது. வாமனபுரம் ஆற்றின் வடிநிலம் சுமார் 687 சதுர கிலோமீட்டர். கரமனை ஆற்றினுடையது சுமார் 702. நீரியல் ஆய்வாளர்கள் மாவட்டத்தையோ வட்டத்தையோ விட்டுவிட்டு வடிநிலத்தையே ஆய்வின் அலகாகக் கொள்வதற்குக் காரணம், அதன் எல்லைக்குள் மட்டுமே நீரின் வரவு செலவுக் கணக்கை நேர்செய்ய முடியும் என்பதுதான். வரவு என்பது மழை. செலவு, ஆற்றின் வழியே வெளியேறுவதும் மண்ணிலிருந்தும் மரஞ்செடிகளிலிருந்தும் ஆவியாகிப் போவதும். எஞ்சுவது மண்ணிலும் பாறைப் பிளவுகளிலும் சேமிப்பாக நிற்கிறது. இந்தக் கணக்கை முதலில் போட்டுக் காட்டியவர்களுள் ஒருவர் பிரான்சைச் சேர்ந்த பியேர் பெரோ. ஆறுகளுக்கு நீர் தருவதற்கு மழை மட்டும் போதாது, பூமிக்கடியில் கடல்நீர் ஏறிவந்துதான் ஊற்றுகள் சுரக்கின்றன என்று கற்றோரும் நம்பியிருந்த காலத்தில், சேன் ஆற்றின் தலைப்பகுதியில் பெய்த மழையை அளந்து, அங்கே ஓடிய ஆற்றுநீரைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு மழை பெய்திருப்பதை 1674-ல் அவர் வெளியிட்டார். அதன் பிறகு, மழை போதுமா என்ற கேள்வி போய், மழைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட காலத்தில் நீர் எங்கே தங்குகிறது என்ற கேள்வி வந்தது.

வித்துராவைச் சுற்றிய மலைகளுக்கு இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதை ஓர் எளிய பெருக்கல் காட்டிவிடும். வாமனபுரம் வடிநிலம் முழுவதிலும் 10 சென்டிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொண்டால் (பருவமழைக் காலத்தில் ஒரே நாளில் இவ்வளவு பெய்வது அங்கே புதுமையன்று), மொத்த நீர் 6 கோடியே 87 லட்சம் கன மீட்டர். பேப்பாறை அணையின் முழுக் கொள்ளளவு சுமார் 7 கோடி கன மீட்டர் என்பதால், ஒருநாள் மழையே ஓர் அணையளவு நீர் என்று ஆகிறது. இந்த நீர் முழுவதும் ஒரே நாளில் ஆற்றில் இறங்குமானால், நொடிக்குச் சராசரியாக 795 கன மீட்டர் என்ற பெருவெள்ளம் ஓட வேண்டும். அதே நீர் நூறு நாளில் சிறுகச் சிறுக இறங்குமானால் நொடிக்கு 8 கன மீட்டர்தான் ஓடும். அது கோடை முழுவதும் ஊர்களின் தாகம் தீர்க்கும் தெளிந்த ஓட்டமாக இருக்கும். வெள்ளமும் வறட்சியும் வேறுவேறு துறைகளின் பொறுப்பாகப் பிரிக்கப்பட்டு, இரண்டிற்கும் தனித்தனிக் கோப்புகள் திறக்கப்படும் வழக்கம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இந்தப் பெருக்கலைவிட வேறு சான்று தேவையில்லை. கேரளத்தின் மழை ஆண்டுக்குச் சராசரி ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். ஆனாலும் மாசி, பங்குனியில் கிணறுகள் வற்றுகின்றன. பற்றாக்குறை மழையில் இல்லை, நீர் நிலத்தில் தங்கும் காலத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்தை நிர்ணயிப்பது மண்ணுக்கடியிலுள்ள அடுக்குகளாகும். இப்பகுதியின் அடிப்பாறை மிகத் தொன்மையான கொண்டலைட், சார்னோக்கைட் வகைப் பாறைகள். சென்னைப் பல்லாவரம் குன்றுகளில் காணப்படும் சார்னோக்கைட்டின் உறவினம் இது. இப்பாறைக்குள் இயல்பாக நீர் புகாது. பிளவுகளிலும் விரிசல்களிலும் மட்டுமே புகும். ஆனால் வெயிலும் மழையும் மாறிமாறித் தாக்கும் வெப்பமண்டலத்தில், பாறையின் மேற்பகுதி நெடுங்காலமாக உளுத்து, பல மீட்டர் தடிப்புள்ள ஒரு போர்வையாக மாறியிருக்கிறது. அப்போர்வையின் மேலே மண்ணும், சமவெளியை நோக்கி இறங்க இறங்கச் செம்புரைக்கல்லும் இருக்கின்றன. செம்புரை, தேனடைபோல் துளைகள் நிறைந்த, இரும்புச்சத்து மிகுந்த சிவந்த கல்; வெட்டியெடுக்கும்போது மிருதுவாக இருந்து, காற்றுப்பட்டதும் இறுகிவிடுவதால் மலையாளத்தில் வெட்டுக்கல் என்று பெயர் பெற்றது. பிரான்சிஸ் புக்கானன் மலபாரில் பயணம் செய்து இந்தக் கல்லைக் கண்டு, 1807-ல் வெளியான நூலில் செங்கல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு லாட்டரைட் என்று பெயர் சூட்டினார். அவர் கண்ட அங்காடிப்புரத்தில் இன்று அதற்கு நினைவுச்சின்னமும் உண்டு. செம்புரைக்கு அடியில் வெளிறிய களிமண் அடுக்கும், அதற்கும் கீழே உளுத்தும் உளுக்காமலும் இருக்கும் பாறையும் வருகின்றன.

செம்புரையின் துளைகள் மழையை விரைவாக உறிஞ்சிக்கொள்கின்றன. அதே வேகத்தில் வெளியேயும் விட்டுவிடுகின்றன. மழை தொடங்கிய சில நாளில் கிணறு விளிம்பளவு நிரம்புவதும், மழை நின்ற சில வாரங்களில் அடிகாண இறங்குவதும் இதனால்தான். நீர் நுண்துளைகள் வழியாக ஊர்ந்து செல்லும் வேகம், இடையிலுள்ள சரிவுக்கும் மண்ணின் ஊடுவிடும் தன்மைக்கும் ஏற்ப அமையும் என்பதைப் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி டார்சி 1856-ல் மணல் நிரப்பிய குழாய்களைக் கொண்டு நிறுவினார். அவருடைய விதியின்படி பார்த்தால், சரிவு செங்குத்தாக இருக்கும் மலைநாட்டில் நிலத்தடி நீருக்குப் பொறுமையே இருக்க முடியாது. அதைப் பிடித்து வைப்பவை மலையிடுக்கின் மண்போர்வையும் மரவேரும் சேற்றுப் பள்ளங்களுமே.

மழை நின்று பல வாரங்கள் கழிந்த பின்னும் ஆற்றில் ஓடும் நீருக்கு அடியோட்டம் என்று பெயர். நிலத்தடியில் நின்றிருந்த நீர் கரைகளின் வழியாகவும் ஆற்றுப்படுகையின் வழியாகவும் கசிந்து இந்த ஓட்டத்தை உண்டாக்குகிறது. இதில் பெரும்பகுதி ஆழமான நிலத்தடி நீர்மட்டத்திலிருந்துதான் வர வேண்டும் என்று முன்பு எண்ணப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வட கரோலைனாவிலுள்ள கோவீட்டா ஆய்வகத்தில் ஜான் ஹூலெட், ஆல்டன் ஹிபர்ட் ஆகிய இருவரும் செய்த ஓர் எளிய சோதனை அந்த எண்ணத்தை அசைத்தது. சரிவான ஒரு நீண்ட கான்கிரீட் தொட்டியில் காட்டுமண்ணை நிரப்பி, நன்றாக நனைத்து, ஆவியாகாதபடி மேலே மூடி, அடிமுனையில் வடியும் நீரை அவர்கள் அளந்தார்கள். நீர்மட்டம் என்று சொல்லத்தக்க எதுவும் அத்தொட்டியில் எஞ்சாத நிலையிலும், நான்கு மாதங்களுக்கும் மேலாக அது சொட்டிக்கொண்டே இருந்தது. மலைச்சரிவின் ஈரமண்ணே ஓர் ஊற்று என்பதை அத்தொட்டி காட்டியது. பொன்முடிச் சரிவுகளில் மண்போர்வை உரிந்துபோனால் கல்லாற்றின் கோடைநீருக்கு என்ன ஆகும் என்பதை ஊகிக்க, இதைவிடத் தெளிவான உவமை கிடைப்பது அரிது.

அடுத்த வியப்பு வெள்ளத்தைப் பற்றியது. மழை பெய்யும்போது ஆறு பெருகினால், அப்போது ஓடுவது அன்றைய மழைநீரே என்று எவருக்கும் தோன்றும். ஆனால் ஒவ்வொரு மழைக்கும், அதில் உள்ள சாதாரண ஆக்சிஜனுக்கும் சற்றுக் கனமான ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதத்தால் ஒரு தனி அடையாளம் உண்டு. அணு எண் ஒன்றாகவும் எடை வேறாகவும் இருக்கும் இவ்வகை அணுக்களுக்கு ஐசோடோப்பு என்று பெயர். அந்த அடையாளத்தைக் கொண்டு 1970-களில் கனடாவில் ஸ்கிளாஷ், ஃபார்வோல்டன் ஆகியோர் ஆற்றுநீரைப் பிரித்துப் பார்த்தபோது, வெள்ளத்தின் போது ஓடும் நீரில் பெரும்பகுதி அன்று பெய்ததல்ல, முன்பே மண்ணுக்குள் இருந்து புதுமழையால் தள்ளப்பட்டு வெளிவந்தது என்று தெரிந்தது. நிரம்பிய குழாயின் ஒரு முனையில் நீரை ஊற்றினால், மறுமுனையில் வெளிவருவது முன்பிருந்த நீர்தானே. ஈரம் மிகுந்த காட்டு வடிநிலங்கள் பலவற்றில் பின்னர் இதே முடிவு கிடைத்தது. ஆகவே ஒரு மழை எவ்வளவு வெள்ளத்தை உண்டாக்கும் என்பது, அந்த மழையைப் பொறுத்தது பாதிதான். அதற்கு முன் மண் எவ்வளவு நிரம்பியிருந்தது என்பது மறு பாதி.

கேரளத்தில் 2018 ஆகஸ்டில் நடந்தது இதற்கு ஒரு துயரமான சான்று. அந்த ஆண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்டு 19 வரை மாநிலத்தில் 2,346 மில்லிமீட்டர் மழை பெய்தது. வழக்கமாக எதிர்பார்க்கப்படும் 1,649 மில்லிமீட்டரைவிட இது 42 விழுக்காடு மிகுதி. ஜூனிலும் ஜூலையிலும் தொடர்ந்து பெய்த மழையால் மண் குடிக்க இடமின்றி இருந்தபோது, ஆகஸ்டு 15 முதல் 17 வரையிலான மூன்று நாள் மழையின் பெரும்பகுதி ஓட்டமாக மாறியது. தெற்கே வித்துராப் பகுதிக்கு அபாயம் வரும் முறை வேறு. மாநிலத்தின் தென்முனை, இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையில் வடக்கைவிடக் குறைவாகப் பெற்று, துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழையில் கூடுதலாகப் பெறுவது. துலாவர்ஷ மழை பிற்பகலில் இடியோடு திரண்டு, சில மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்ப்பது. மண் உறிஞ்சும் வேகத்தை மழையின் வேகம் மிஞ்சினால் நீர் மேலாகவே வழிந்தோடும் என்று அமெரிக்க நீரியலாளர் ராபர்ட் ஹார்ட்டன் 1930-களில் வகுத்த முறை, நன்கு வேரோடிய காட்டுமண்ணில் அரிதாகவும், மிதிபட்டு இறுகிய தோட்டப் பாதைகளிலும் சாலைகளிலும் கூரைகளிலும் மிகுதியாகவும் நிகழ்கிறது. நிரம்பிய மண்ணில் நீரழுத்தம் மிகுந்து, சரிவே பெயர்ந்து இறங்கும் உருள்பொட்டலும் இதே கணக்கின் மற்றொரு முகம். 2001 நவம்பர் 9 அன்று இதே மாவட்டத்தின் அம்பூரியில் அது பல குடும்பங்களைப் புதைத்தது.

மலைவெள்ளப் பாய்ச்சல் என்று அங்குள்ளவர்கள் அழைக்கும் திடீர் வெள்ளத்தின் கொடுமை, அது வெயிலடிக்கும் இடத்துக்கு வந்து சேர்வதில் இருக்கிறது. மேலே ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் மலையில் பெய்யும் மழையைக் கீழே குளிப்பவர்கள் காண முடியாது. நீர்மட்டம் நிமிடங்களுக்குள் ஆளுயரம் ஏறிவிடும். 2022 செப்டம்பரில், வாமனபுரம் ஆற்றின் மேற்பகுதியில் பாலோட்டுக்கு அருகேயுள்ள மங்கயத்தில் இவ்வாறு வந்த வெள்ளம் குளிக்கச் சென்ற குடும்பத்தாரில் சிலருடைய உயிர்களைக் கொண்டுபோனது. வடிநிலத்தின் மிகத் தொலைவான மூலையில் விழுந்த துளி வாயிலை வந்தடையும் நேரத்தை நீரியலார் திரள்நேரம் என்கிறார்கள். கல்லாறு போன்ற சிறிய, செங்குத்தான வடிநிலங்களில் அது மணிக்கணக்கில் கூட அல்ல, பல நேரம் அதற்கும் குறைவு. எச்சரிக்கைக்குக் கிடைக்கும் அவகாசமும் அவ்வளவே. ஆற்றில் நீரைப் பார்த்து எச்சரிப்பதைவிட, மேலே மலையில் மழையை அளந்து எச்சரிப்பதே அங்கே பயன்படும். அதற்கு முகட்டில் மழைமானி வேண்டும்.

முகட்டில் கருவி வைக்கும் எண்ணம் இந்த மலைக்குப் பழையது. 1837-ல் சுவாதித் திருநாள் காலத்தில் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் வானியல் நோக்குநிலையத்தின் இயக்குநராக வந்த ஜான் ஆலன் பிரவுன், 1855-ல் அகத்தியமலை உச்சியிலேயே ஓர் ஆய்வுக்கூடம் கட்டி, காற்றழுத்தம், வெப்பம், காந்தம் ஆகியவற்றை அளக்க ஏற்பாடு செய்தார். யானை நடமாடும் காட்டின் வழியே கருவிகளைச் சுமந்து சென்றவர்களின் உழைப்பை நினைக்கும்போது, இன்று தானியங்கி மழைமானியைக் கூட மலையில் பராமரிப்பது கடினம் என்று சொல்லும் வாதம் மிகவும் வலுவிழந்து போகிறது.

ஆற்றின் ஓட்டத்தை அளப்பதோ மழையை அளப்பதைவிடக் கடினம். ஓட்டம் என்பது ஒரு நொடியில் ஓரிடத்தைக் கடக்கும் நீரின் கன அளவு. ஆற்றின் குறுக்குப் பரப்பை நீரின் வேகத்தால் பெருக்க அது கிடைக்கும். வேகம் கரைக்குக் கரை, ஆழத்துக்கு ஆழம் மாறுவதால், ஆற்றைப் பல செங்குத்துத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்கில் வேகமானியை இறக்கி அளக்கிறார்கள். இதை நாள்தோறும் மணிதோறும் செய்ய முடியாது. ஆகவே பல நாள் அளவுகளைக் கொண்டு, நீர்மட்டம் இவ்வளவு எனில் ஓட்டம் இவ்வளவு என்று காட்டும் மட்ட ஓட்ட வரைகோடு ஒன்றை வரைந்துகொண்டு, அதன் பிறகு மட்டத்தை மட்டும் படித்தே ஓட்டத்தை அறிகிறார்கள். மத்திய நீர்வள ஆணையம் வாமனபுரம் ஆற்றில் மைலம்மூட்டிலும், கரமனை ஆற்றில் வெள்ளைக்கடவிலும் மட்டத்தைக் கண்காணித்து, அபாய எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கை விடுக்கிறது.

இந்த வரைகோடு நம்பத்தக்கதாக இருப்பது, ஆற்றுப்படுகை மாறாமல் இருக்கும் வரைதான். வாமனபுரம், கரமனை, இதே மாவட்டத்தின் நெய்யாறு ஆகிய மூன்று ஆறுகளிலும் பல ஆண்டுகளாக நடந்த மணல் அகழ்வு படுகையைத் தோண்டி இறக்கியது. கேரளம் 2001-லேயே ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் அகழ்வை ஒழுங்குபடுத்தவும் தனிச் சட்டம் இயற்ற வேண்டிய அளவுக்கு அது வளர்ந்திருந்தது. படுகை இறங்கிவிட்டால், பழைய மட்டத்தில் இப்போது பழையதைவிட அதிக நீர் ஓடும். அளவுகோல் காட்டும் எண்ணும் உண்மையும் ஒன்றையொன்று விட்டு விலகிவிடும். கேடு அத்தோடு நிற்பதில்லை. ஆறு என்பது நிலத்தடி நீர் வடியும் வாய். வாய் தாழ்ந்தால், இரு கரைகளிலும் உள்ள கிணறுகளின் நீர்மட்டமும் தாழும். கடலோரத்தை நெருங்கும் பகுதியில், தாழ்ந்த படுகை வழியே உப்புநீரும் மேலேறும். ஒரு லாரி மணல் என்பது ஒரு கிணற்றின் சில அடி ஆழம் என்று ஊரார் கணக்கில் எழுதப்பட்டிருந்தால், அந்த வணிகம் அவ்வளவு காலம் நடந்திருக்காது.

ஊராரின் கிணறுகள் உண்மையில் பெரிய அறிவியல் செல்வம். கேரளத்தின் திறந்த கிணறுகள் கடலோரத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 200, இடைநாட்டில் 150, மலைநாட்டில் 70 என்ற அடர்த்தியில் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் தேர்ந்தெடுத்த கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை மட்டம் பார்க்கிறது. ஆனால் மழைக்கு மறுநாள் ஒரு கிணறு எத்தனை அடி ஏறியது என்பதை, கயிறு கட்டி இறைக்கும் வீட்டுப் பெண்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. ஒரு வீட்டின் 100 சதுர மீட்டர் கூரையில் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 3 லட்சம் லிட்டர். அதனை ஒரு வடிகட்டி வழியே கிணற்றுக்கு அனுப்பும் முறையைத் திருச்சூர் மாவட்ட நிர்வாகம் 2008-ல் மழைப்பொலிமா என்ற திட்டமாக நடத்தியது. மலைச்சரிவுகளுக்கு இடையே நீண்டு கிடக்கும் வயற்பள்ளங்கள், குமரி மாவட்டத்துத் தமிழர்களும் ஏலா என்றே சொல்பவை, இதே வேலையைச் செலவின்றிச் செய்துவந்தன. வெள்ளம் வரும்போது ஏலா நிறையும். அதன் வேகம் தணியும். தேங்கிய நீர் மெல்ல இறங்கிப் பக்கத்துக் கிணறுகளைத் தாங்கும். ஏலா நிரப்பப்பட்டு வீட்டுமனையாகும்போது, அந்த ஊர் ஒரே சமயத்தில் வெள்ளத்துக்கு இடத்தையும் கோடைக்கு நீரையும் இழக்கிறது. நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புக்கென 2008-ல் மாநிலம் இயற்றிய சட்டம் இதனை நிறுத்தவே வந்தது.

செம்முஞ்சி மொட்டையின் இரு ஆறுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இங்கேதான் பயன் தருகிறது. ஒரே உயரம், ஒரே பாறை, ஏறத்தாழ ஒரே பரப்பு, ஒரே மழை. ஆனால் ஒன்றில் பேப்பாறை அணையும் அதன் கீழே அருவிக்கரை அணையும் ஓட்டத்தைப் பிடித்துத் தலைநகரத்துக்குக் குடிநீராகக் கொடுக்கின்றன, மற்றொன்றில் பேரணை எதுவும் இல்லை. ஆகவே கரமனை ஆற்றின் ஓட்டப் பதிவில் மதகுகளை இயக்கியவர்களின் முடிவுகள் கலந்திருக்கின்றன. கனமழையில் அருவிக்கரை மதகுகள் திறக்கப்படுவதும், நகரின் தாழ்வான பகுதிகள் அப்போது நீரேற்றத்தைக் கவலையோடு பார்ப்பதும் ஒவ்வொரு பருவத்திலும் நிகழ்வன. 2023 அக்டோபர் 14-ஆம் நாள் இரவு பெய்த மழையில் தலைநகர் மூழ்கியபோது, நகருக்குள்ளேயே பெய்த நீர் வடிய வழியின்றி நின்றதும் சேர்ந்துகொண்டது. வாமனபுரம் ஆற்றின் பதிவு அப்படிப்பட்டதன்று. அதில் தெரிவது மண்ணும் காடும் கிணறும் ஏலாவும் நடத்தும் நீர் நிர்வாகம். அணைகளால் எவ்வளவு மாற்றம் நேர்ந்தது என்பதை அறியவும், நிலப்பயன்பாடு மாறுவதன் விளைவைப் பிரித்தறியவும், இவ்வளவு நெருங்கிய இணை தென்னிந்தியாவில் எளிதில் வாய்ப்பதில்லை. வித்துராவிலேயே, மருதாமலை அடிவாரத்தில், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகமும், நகரில் ஆக்குளத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையமும் இருப்பதால், இவ்விரு வடிநிலங்களும் ஆய்வாளர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கின்றன.

மார்ச் மாதத்தின் ஒரு காலைப்பொழுதில், பொன்முடியில் பல வாரங்களாக மழை இல்லாத நிலையில், மைலம்மூட்டு அளவுகோலில் ஆற்றின் மட்டம் படிக்கப்படுகிறது. அப்போது பாறைகளுக்கிடையே ஓடிக்கொண்டிருக்கும் நீர், போன துலாவர்ஷத்திலும் அதற்கு முந்திய இடவப்பாதியிலும் மலையில் இறங்கி, மண்ணுக்குள் மாதக்கணக்கில் ஊர்ந்து வந்த மழை. அந்த எண்ணை ஐப்பசியில் வந்த மழையின் எண்ணோடு சேர்த்து எழுதும் பதிவேட்டில்தான், இன்னும் கீழே ஆற்றின் நீரை நம்பியிருக்கும் ஆற்றிங்கல் வட்டாரத்தின் அந்த ஆண்டுக் கோடைக்கணக்கு இருக்கிறது.